அடிபட்டவரின் கூலி

சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பால்வெட்டப் போகிறவர்களுக்கு வழுக்குச் சரிவு புதிதல்ல. கால் முறிந்தால் வலி ஒருபுறம். பிரட்டில் பெயர் விழாத நாளுக்குக் கூலி இல்லை என்பது மறுபுறம்.

முன்னாளில் இங்கிலாந்தில், அடிபட்ட தொழிலாளி முதலாளியின் தவற்றை வழக்காடி நிறுவ வேண்டும். கூலியே நின்றவன் வழக்கறிஞருக்குக் காசு எங்கே போவான்? 1897-ஆம் ஆண்டுச் சட்டம்தான், முதலில் சில தொழில்களுக்கு மட்டும், தவற்றை நிறுவாமலே நட்டஈடு பெற வழி செய்தது. அதே கொள்கை 1952-இல் மலாயாவின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமாயிற்று. ஆயினும் பணம் அந்தந்த முதலாளியிடமிருந்தே வரவேண்டும்.

1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971-இல் சொக்சோ தொடங்கியபின் பணம் பொது நிதியிலிருந்து வந்தது. நான்கு நாளேனும் மருத்துவ விடுப்பு இருந்தால், நாட்கூலி 50 வெள்ளிக்கு ஏறக்குறைய 40 வெள்ளி. வக்கீல் தேவையில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 31-ஆம் பிரிவின்படி, சொக்சோவில் காப்புறுதி பெற்றவர் அந்தக் காயத்துக்காகத் தம் முதலாளி மீது வழக்குப் போட முடியாது. வேதனைக்கென்று தனித்தொகை கேட்கும் வழி அடைபட்டது. வேலைக்குப் போகும் வழியில் பிறருடைய லாரி மோதினால் அந்த ஓட்டுநர் மீது வழக்குத் தொடரலாம். அங்கே வக்கீல் செலவும் உண்டு. நல்ல பேரமா? ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏற முடியாத குடும்பத்துக்கு அரிசிக் காசே முதல் என்பது நம் எண்ணம்.

விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். அதற்கு அவருக்கு முதலில் தெரிய வேண்டுமே! நம் மாணவன் ஒருவனின் தந்தை, சின்னக் காயம்தானே என்று மண்டோரிடம் சொல்லாமல் விட்டார். புண் சீழ்பிடித்து மூன்று வாரம் படுத்தார். படிவம் நிரப்ப நாம் அவரோடு உட்கார்ந்தபோது, அந்த நாளுக்குரிய ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றுகூட அவர் கையில் இல்லை.