வாசுகிக்குப் பசிக்கவில்லை!

திருத்தணிக்குப் போயிருக்கிறீர்களா? சூரனை வென்ற கோபம் முருகனுக்குத் தணிந்த மலை. மந்தர மலையைச் சுற்றிய கயிறாக இழுபட்டு, உடம்பெல்லாம் புண்ணான வாசுகிப் பாம்பும் இங்கே வந்துதான் குணமடைந்தது என்கிறது தலபுராணம். அதற்கு யாரும் சாப்பாடு ஊட்டியதாகக் கதை இல்லை. நல்லவேளை!

இடம் மாறிய பாம்பு முதலில் இருப்பது உண்ணாவிரதம்தான். பதறுவது நாம்! 1920-களில், அமெரிக்காவின் சான் டியாகோ மிருகக்காட்சி சாலையில் 'டயாப்ளோ' என்ற ராட்சத மலைப்பாம்பு சாப்பிட மறுத்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? கறி அரைக்கும் இயந்திரத்தில் குழாயை மாட்டி, ஆட்கள் வரிசையாகப் பாம்பைப் பிடித்துக்கொள்ள, தொண்டைக்குள் இறைச்சியைத் தள்ளினார்கள். வேடிக்கை பார்க்கப் பெருங்கூட்டம்! பாம்பின் வயிறு எப்படியோ, கல்லாப்பெட்டி நிறைந்திருக்கும்.

பாம்பு செய்வது பிடிவாதம் இல்லை சார், கணக்கு! இரையை விழுங்கிய பாம்பால் வேகமாக ஓட முடியாது. ஆபத்து என்றால் கக்கிவிட்டுத்தான் ஓடவேண்டும். உடம்புக்குச் சூடு வெளியிலிருந்து வரவேண்டும். அது கிடைக்காவிட்டால் விழுங்கியது வயிற்றிலேயே அழுகும். முன்பின் தெரியாத இடத்தில் யார் அந்த ரிஸ்க் எடுப்பார்கள்?

இருளர்களுக்கு இது அத்துபடி. 1978-ல் அவர்களுக்காக உருவான பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்குகிறது. பிடித்த பாம்பை மண்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். இருட்டு, அமைதி. சில வாரங்கள் விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பையெல்லாம் நீங்கள் வீட்டில் வளர்த்தால், 1972-ம் வருட வன உயிர்ச் சட்டப்படி கம்பி எண்ணவேண்டும். அதனால்தான் சிலருக்கு ஆப்பிரிக்க 'பால் பைத்தான்' மீது ஆசை. (பந்து போலச் சுருளுவதால் அந்தப் பெயர், புற்றில் ஊற்றும் பால் அல்ல!) பெட்டியில் அடைத்துக் கடத்தி வந்து, சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இத்தகைய வெளிநாட்டு உயிரினங்களையும் முறைப்படி பதிவு செய்தாகவேண்டும். மாதக்கணக்கில் பட்டினி கிடப்பதில் இது பேர்போன ஜாதி!

விவரம் தெரிந்தவர்கள் கதகதப்பான பெட்டியில் ஒளிய ஓரிடம், குடிக்கத் தண்ணீர் வைத்துவிட்டு, ஒரு வாரம் தொடவே மாட்டார்கள். பிறகு ஓர் இரவு, செத்த எலி ஒன்றை வைத்து, விளக்கை அணைத்துவிட்டு வருவார்கள். (உயிருள்ள எலி என்றால் அது பாம்பைக் கடித்துவிடும்!) காலையில் எலி அப்படியே கிடந்தால்..? எடுத்தெறிந்துவிட்டு, இன்னும் ஒரு வாரம்.