யாத்திராகமம் கிழிக்கப்பட்ட பைபிள்

பஸ்கா பண்டிகை தொடங்கும் இரவில் யூதக் குடும்பங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரும். அன்றைய கதையைத் தொடங்கிவைப்பது, அங்கிருப்பவர்களிலேயே சிறிய குழந்தை கேட்கும் கேள்விதான். இன்றைக்கு மட்டும் ஏன் புளிக்காத அப்பம், ஏன் கசப்புக் கீரை என்று குழந்தை கேட்கும். நம் முன்னோர் எகிப்தில் பார்வோனுக்கு அடிமைகளாக இருந்தார்கள், பிறகு விடுதலை பெற்றார்கள் என்று பெரியவர்கள் பதில் சொல்லத் தொடங்குவார்கள்.

அடிமைப்பட்ட வரலாற்றை ஒரு சமூகம் தன் குழந்தைகளிடம் மறைக்கவில்லை. அதைச் சொல்லித்தான் வளர்க்கிறது. அந்தக் கதை இருப்பது யாத்திராகமத்தில். யூதர்களின் தோராவிலும் கிறிஸ்தவர்களின் பைபிளிலும் அது இரண்டாவது புத்தகம்.

1807இல் லண்டனில் வேறொரு பைபிள் அச்சானது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த கறுப்பின அடிமைகளுக்காகத் தேர்ந்தெடுத்த பகுதிகள் என்று அதன் முகப்பே சொன்னது. புராட்டஸ்டண்ட் பைபிளில் 1,189 அதிகாரங்கள் உண்டு. இதில் இருந்தவை 232 மட்டும். சீனாய் மலையும் பத்துக் கட்டளைகளும் இருந்தன. பார்வோன் முன் மோசே நின்று தன் மக்களை விடச் சொன்னதும், அவர்கள் கடலைக் கடந்ததும் இல்லை. கிறிஸ்துவுக்குள் அடிமை என்றும் சுதந்திரன் என்றும் பேதமில்லை என்ற பவுலின் வசனம் இல்லை. வேலைக்காரர் எஜமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனம் பத்திரமாக இருந்தது. அதே 1807இல்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது. வியாபாரம்தான் நின்றது, அடிமைத்தனம் தொடர்ந்தது.

புனித நூலைக் குழந்தைக்குக் கொடுப்பது பக்தி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும்தானா? யாருடைய குழந்தைக்கு, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதை முடிவுசெய்வது எப்போதும் அதிகாரம்தான்.

யூத மரபிலேயே இதைப் பார்க்கலாம். தந்தை உள்ள பிள்ளைக்குத் தந்தை கற்றுக்கொடுத்தார், தந்தை இல்லாத பிள்ளைக்குக் கல்வி இல்லாமல் போனது என்று தல்மூத் பதிவுசெய்கிறது. முதல் நூற்றாண்டில் யோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு ஊர்தோறும் ஆசிரியர்களை நியமித்து, ஆறு, ஏழு வயதில் பிள்ளைகளைச் சேர்க்கச் செய்தார் என்றும் அது சொல்கிறது. ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள் என்ற கணக்கும் அதிலேயே உண்டு. ஆனால் அந்தப் பள்ளிகள் ஆண் பிள்ளைகளுக்கானவை. தையல் தொழில் செய்த சாரா ஷெனிரர் என்ற பெண், வைதீக யூதச் சிறுமிகளுக்காக கிராக்கோவ் நகரில் பள்ளி தொடங்க 1917 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் 1780இல் ராபர்ட் ரெய்க்ஸ் குளோஸ்டர் நகரில் ஞாயிறு பள்ளி தொடங்கினார். வாரம் முழுக்க வேலைக்குப் போன குழந்தைகளுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. பைபிள் வழியாகவே அவர்கள் எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். பின்னர் ஹன்னா மோர் நடத்திய பள்ளிகளிலும் ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், எழுதக் கற்றுக்கொடுக்கவில்லை. வாசிப்பவர் கேட்டுக்கொள்வார். எழுதுபவர் பதில் சொல்லிவிடுவாரே!

அமெரிக்காவின் தெற்கில் இது சட்டமாகவே இருந்தது. அடிமைகளுக்கு எழுதக் கற்றுத்தருவதைத் தெற்கு கரோலினா 1740இல் தடைசெய்தது. 1831இல் வெர்ஜீனியாவில் கிளர்ச்சி நடத்திய நாட் டர்னர், பைபிளை வாசிக்கத் தெரிந்த போதகர். 1834இல் தெற்கு கரோலினா வாசிக்கக் கற்றுத்தருவதையும் தடைசெய்தது. அப்புறம் எப்படி மதம் சொல்லிக்கொடுப்பது? வாய்ப்பாடமாக. ஜார்ஜியாவில் சார்லஸ் கோல்காக் ஜோன்ஸ் என்ற போதகர் கேள்வி பதிலாக ஒரு நூல் எழுதினார். அவரே அடிமைகளை வைத்திருந்தவர். ஆசிரியர் கேட்பார், பிள்ளைகள் மனப்பாடமாகப் பதில் சொல்வார்கள். பஸ்கா மேசையில் கேள்வி கேட்பது குழந்தை. தோட்டத்தில் கேள்வி கேட்டது எஜமானர்.

ஆனாலும் கதை கசிந்தது. செங்கடலும் மோசேயும் அடிமைகளின் பாடல்களுக்குள் புகுந்தன. பால்டிமோரில் சிறுவன் ஃபிரெடரிக் டக்ளஸுக்கு எஜமானி எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார், எஜமானர் தடுத்தார். டக்ளஸ் தெருப் பையன்களிடம் கற்றார். பிறகு தானே ரகசிய ஞாயிறு பள்ளி நடத்தினார். ஒரு கட்டத்தில் அதில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் படித்தார்கள்.

நமக்கு இது அந்நிய வரலாறு அல்ல. வேதத்தைக் கேட்கும் சூத்திரன் காதில் உருக்கி ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். அந்தச் சூத்திரனுக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள் நாம். அவர்களுக்குக் கிழித்த புத்தகம், நமக்குப் புத்தகமே இல்லை. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டபோது, அந்த நூலை வாசித்தவர்கள்தான் எரித்தார்கள்.

மாலை நேர வகுப்பு நடத்தும் தோழர்களே, எந்த நூலைக் கொடுத்தாலும் அதில் எந்தப் பக்கம் இல்லை என்று தேடிப் பாருங்கள். நம் சேரிகளின் அடிமை வரலாற்றையும் எதிர்த்து நின்ற வரலாற்றையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சொல்வதற்கு முன், வகுப்பிலேயே சின்னக் குழந்தையை முதலில் கேள்வி கேட்க விடுங்கள்.