வளையும் பிடி

மரவில்லில் வளையாத இடம் எதுன்னு கேட்டால், கை பிடிக்கிற நடுப்பகுதி என்று யோசிக்காமலே சொல்லிவிடுவோம். இந்தப் பழக்கத்தால் வரலாற்றையே கொஞ்ச காலம் தப்பாகப் படித்திருக்கிறார்கள்.

தடித்த பிடி புதுசு ஒன்றும் இல்லை. 1944இல் டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் கிடைத்த எல்ம் மர வில்களுக்குச் சுமார் 9000 வயது. அவற்றின் இரு கைகளும் அகலமாக, தட்டையாக இருக்கின்றன. நடுவில் மட்டும் மரத்தை ஒடுக்கி, கனமாக விட்டிருக்கிறார்கள். காரணம் எளிது. அம்பு வில்லின் பக்கவாட்டில் உரசித்தான் போக வேண்டும். பிடி அகலமாக இருந்தால் அம்பு நாணின் நேர்க்கோட்டை விட்டு விலகி நிற்கும். ஒடுக்கினால் கோட்டை நெருங்கும். ஆனால் ஒடுக்கிய இடம் ஒடியாமல் இருக்க அங்கே கனம் வேண்டும். கனம் கூடினால் அந்த இடம் வளையாது. வளைகிற வேலை முழுவதும் கைகளின் தலையில் விழும். அதனால்தான் கைகளுக்கு அந்த அகலம். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும், அவ்வளவுதான் கணக்கு.

இங்கிலாந்தின் நெடுவில்லுக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்வித்தை அங்கே கனவான்களின் பொழுதுபோக்காகத் திரும்பி வந்தது. ராயல் டாக்ஸோஃபிலைட் சங்கம் தொடங்கியது 1781இல். கணு இல்லாத நீளமான யூ மரம் கிடைப்பது கஷ்டம். இரண்டு குட்டைத் துண்டுகளை நடுவில் மீன்வால் போல வெட்டிக் கோத்து ஒட்டினார்கள். ஒட்டு இருக்கிற இடம் வளையலாமா? கூடாது. ஆகவே தடித்த, விறைத்த பிடி. அதன்மேல் அழகாக ஒரு துணிச் சுற்று. கைக்கும் சுகம், நாண் விட்டதும் அதிர்வு குறைவு. இதையே பார்த்துப் பழகியவர்கள், 1415இல் அஜின்கோர்ட்டில் வளைந்த வில்லும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

1545இல் போர்ட்ஸ்மத் அருகே மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலை 1982இல் வெளியே எடுத்தார்கள். அந்த அகழாய்வில் கிடைத்தவை 172 வில்கள். எல்லாம் யூ மரம், பெரும்பாலும் ஆள் உயரத்துக்கு மேல். தனியாகப் பிடி என்று ஒன்றுமே இல்லை! நடுவிலிருந்து நுனி வரை சீராக மெலிந்துகொண்டே போகிறது மரம். நாணை முழுதாக இழுத்தால் பிடித்த கைக்குள்ளேயும் வில் கொஞ்சம் வளையும். நடுவில்தான் கனம் அதிகம் என்பதால் அந்த வளைவு சிறியதுதான், ஆனால் அதுவும் சுமையைப் பங்குபோட்டுக்கொள்கிறது. பல வில்களின் இழுவிசை 100 பவுண்டுக்கு மேல் என்று கணிக்கிறார்கள். அவ்வளவு பாரத்தில் ஒரு சாணாவது சும்மா இருப்பதை ஆடம்பரம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அதிர்வைப் பற்றி அந்தச் சிப்பாயிடம் யாரும் கருத்து கேட்டிருக்க மாட்டார்கள்.

(பிடி நடுவில்தான் இருக்கணும் என்பதும் நம் அனுமானமே. ஜப்பானின் யூமி வில்லைக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பிடிப்பார்கள். குதிரைமேல் வசதிக்காக என்பார்கள். ஆனால் கீழே குட்டை, மேலே நெட்டை என்று 3ஆம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பே சொல்கிறது; அதே குறிப்பு அந்த நாட்டில் குதிரைகள் இல்லை என்றும் சொல்கிறது.)

மேரி ரோஸ் வில்கள் பலவற்றில் நடுப்பகுதியை ஒட்டிச் சின்னச் சின்னக் குறிகள் குத்தப்பட்டிருக்கின்றன. செய்தவர்களின் அடையாளம் என்று கருதுகிறார்கள். தோலோ துணியோ சுற்றாத அந்த மரத்தில், கை போகும் இடத்தின் பக்கத்தில் தெரிவது அது மட்டும்தான்.