டாப் ஸ்டேஷன்ல ஸ்டேஷன் எங்கே?

மூணாறு டாப் ஸ்டேஷன்ல மேகத்தோட செல்ஃபி எடுத்திருப்பீங்க. ஆனா அந்த இடத்துக்கு ஏன் ‘ஸ்டேஷன்’னு பேர்? அங்கே நிஜமாவே ரயில் வந்துச்சு.

1902-ல குண்டளைப் பள்ளத்தாக்குல ஒரு மோனோரயில் போட்டாங்க. ஒரே ஒரு தண்டவாளம். வண்டி சாயாம இருக்க, பக்கத்துல ஒரு பெரிய சக்கரம் தரையில உருளும். இழுத்தது மாடுகள்! 1908-ல அதை எடுத்துட்டு, ரெண்டடி அகல நேரோ கேஜ் பாதை போட்டு நீராவி இன்ஜின் விட்டாங்க.

எல்லாம் தேயிலைக்காகத்தான். மூணாறுல இருந்து பெட்டிகள் மாட்டுப்பட்டி வழியா டாப் ஸ்டேஷன் வரும். அங்கிருந்து ரோப்வேயில தொங்கிக்கிட்டே கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் மாட்டுவண்டியில போடிநாயக்கனூர். அந்தத் தேயிலையைப் பறிச்சவங்கள்ல பெரும்பாலானவங்க தமிழ் ஜில்லாக்கள்ல இருந்து மலையேறிப் போன தொழிலாளர்கள்.

1924 ஜூலையில பேய்மழை. அது கொல்லம் ஆண்டு 1099. அதனால கேரளாவுல அதை இன்னைக்கும் ‘தொண்ணூத்தொன்பது வெள்ளம்’னு சொல்றாங்க. வெள்ளமும் மண்சரிவும் ரயில் பாதையை அழிச்சிடுச்சு. திரும்பப் போடவே இல்லை. ஊருக்காகப் போட்ட ரயிலா இருந்தா, ஊரே திரும்பக் கேட்டிருக்கும். இது தேயிலைக்காகப் போட்ட ரயில். ரோப்வேயும் ரோடும் அந்த வேலையை எடுத்துக்கிட்டதும் ரயிலோட கதை முடிஞ்சுது.

பாதை போயிடுச்சு, இன்ஜின் போயிடுச்சு. பேர் மட்டும் மலை மேல நிக்குது. அடுத்த தடவை போனா, அந்தப் பேரையும் கொஞ்சம் நின்னு பாருங்க.