தடைசெய்யப்பட்ட கூடுகை: மாவோரி மனநலச் சிகிச்சை வரலாற்றில் 1907ஆம் ஆண்டுச் சட்டமும் 1982ஆம் ஆண்டுக் கோட்பாடும்

முன்னுரை

நியூசிலாந்தின் தொல்குடியினரான மாவோரி மக்களின் மருத்துவ மரபு பெரும்பாலும் மூலிகைகளிலிருந்தே எழுதத் தொடங்கப்படுகிறது. மனநலத்தைப் பொறுத்தவரை அத்தொடக்கம் திசைதிருப்புவதாகும். மாவோரி சிகிச்சையில் மருந்தினும் கூடுகையே முதன்மை பெற்றது. குடியேற்ற அரசு சட்டமியற்றித் தண்டிக்க முனைந்ததும் அக்கூடுகையையே. 1907இல் இயற்றப்பட்ட தொஹுங்கா ஒடுக்கச் சட்டத்தையும், 1982இல் மனநல மருத்துவர் மேசன் டூரி முன்வைத்த நலக் கோட்பாட்டையும் அருகருகே வைத்து இக்கட்டுரை அதனை நிறுவ முயல்கிறது.

தொஹுங்காவும் நோய்முதலும்

தொஹுங்கா என்னும் சொல் ஏதேனும் ஒரு துறையில் வல்லவரைக் குறிக்கும். மரம் செதுக்குவோர், பச்சை குத்துவோர், படகு கட்டுவோர் ஆகியோருக்கும் இப்பெயர் உண்டு. நோய் தீர்ப்பவர் அவர்களுள் ஒருவர். ஆங்கில ஆவணங்கள் இச்சொல்லை மந்திரவாதி என்னும் பொருளுக்குக் குறுக்கிவிட்டன.

காரணம் புலப்படாத உடல், மனத் துன்பங்களை மாவோரியர் 'மாத்தே மாவோரி' என வழங்கினர். விலக்கப்பட்ட இடத்தையோ பொருளையோ நெறியையோ, அதாவது 'தபு'வை, மீறியதால் இவை வருகின்றன எனக் கருதப்பட்டது. ஆகவே நோயாளி எங்குச் சென்றார், எதைத் தொட்டார், யாரோடு பிணங்கினார் என்பதை உறவினரிடம் வினவுவது தொஹுங்காவின் பணியில் இன்றியமையாத பகுதியாயிற்று. மீறியவர் நோயாளியாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒருவர் செய்த பிழை அவருடைய உறவினரிடத்து நோயாக வெளிப்படலாம். உறவினர் கூடாமல் நோய்முதலைக் கண்டறிய வழியில்லை என்பது இதனால் பெறப்படும்.

சட்டம் எதனைக் குற்றமாக்கியது?

1896ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவோரியர் தொகை ஏறத்தாழ 42,000ஆகக் குறைந்திருந்தது. இனமே அழிந்துவிடும் என்ற அச்சம் நிலவிய காலம் அது. சிகாகோவில் மருத்துவம் பயின்று 1899இல் பட்டம் பெற்ற மாவுயி போமரே, 1901இல் மாவோரியருக்கான சுகாதார அலுவலராக அமர்த்தப்பட்டார். காய்ச்சல் கண்டோரைக் குளிர்நீரில் அமிழ்த்தும் வழக்கத்தால் உயிர்கள் போயின என்பது அவர் அரசுக்கு வைத்த முறையீடு. இதனை வெறும் காலனியப் புனைவு என ஒதுக்கிவிட இயலாது. அண்மைக்கால ஆய்வுகள் சில இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றன.

1900ஆம் ஆண்டுச் சட்டம் தொஹுங்காக்களை நெறிப்படுத்தும் அதிகாரத்தை மாவோரி மன்றங்களுக்கே அளித்திருந்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழியைக் கைவிட்டது. இச்சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் ஜேம்ஸ் கரோல் மாவோரித் தாய்க்குப் பிறந்தவர். போமரேயும் ஆபிரானா ஙாத்தாவும் இதனை ஆதரித்தனர். மௌங்காபோஹாத்து மலைப்பகுதியில் பெருந்திரளான மக்களைத் தம்மிடம் ஈர்த்த ரூவா கேனானா என்னும் சமயத் தலைவரே இதன் இலக்கு என வரலாற்றாசிரியர் பலர் கருதுவர்.

சட்டத்தின் சொற்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. மக்கள் தத்தம் தொழிலை விட்டுக் கூட்டங்களில் திரள்கின்றனர், அங்கே அவர்கள் பொருள் கரைகிறது, மனம் நிலைகுலைகிறது என்று முகப்புரை குறைகூறுகிறது. குற்றத்தை வரையறுக்கும் பிரிவும் மூடநம்பிக்கையைப் பயன்படுத்தி 'மாவோரியரைத் தம்மைச் சுற்றித் திரட்டுவோர்' என்றே தொடங்குகிறது. பொய்ச்சிகிச்சை அதன்பின்னரே வருகிறது. முதல் குற்றத்திற்கு 25 பவுண்டு வரை தண்டம் அல்லது 6 மாதம் வரை சிறை. மீண்டும் செய்தால் 12 மாதம் வரை சிறை. குளிர்நீர்ச் சிகிச்சையைத் தடுப்பதே நோக்கமாயின் அதனை மட்டும் விலக்கியிருக்கலாம். உறவினர் கூடி வினவிய அவையே இங்கு நோய்க்காரணமாகச் சுட்டப்பட்டது.

வழக்குத் தொடர அமைச்சரின் இசைவு வேண்டியிருந்தது. தண்டனை பெற்றோரும் மிகச் சிலரே. எனினும் 1962 வரை இச்சட்டம் நீக்கப்படவில்லை. பொதுவெளியில் நிகழ்ந்தது மறைவுக்குச் சென்றது.

மருத்துவமனையும் மண்டபமும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மனநல மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட மாவோரியரின் விகிதம் பிறரைவிடக் குறைவு. நகர்ப்புறக் குடிபெயர்வுக்குப் பின் இந்நிலை மாறி, 1980களில் அவர்கள் விகிதம் மிகுந்திருந்தது. ஊரும் உறவும் தொலைவிலிருக்க, நோயாளி தனிக் கட்டிலில் தனி மனிதராக ஆராயப்பட்டார்.

இப்பின்னணியில் மாவோரிப் பெண்கள் நல அமைப்பு 'ராபுவோரா' என்னும் உடல்நலக் கணக்கெடுப்பை மேற்கொண்டது. அதன் களப்பணியாளர் பயிற்சியில், 1982இல், டூரி தம் கோட்பாட்டை எடுத்துரைத்தார். நலம் நான்கு சுவர்களாலான வீடு: வைருவா எனும் ஆன்மநிலை, ஹினெங்காரோ எனும் மனநிலை, தினானா எனும் உடல், ஃபானவு எனும் உற்றார். ஒரு சுவர் சாயின் வீடு நில்லாது. ஹினெங்காரோ என்பது மண்ணீரலையும் குறிக்கும் சொல்லாதலின், மனம் என்னும் தமிழ்ச்சொல் அதற்கு ஓரளவே பொருந்தும்.

உவமைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட வீட்டையும் கருத வேண்டும். மாவோரி ஊர்மன்றத்தில் நிற்கும் கூட்ட மண்டபம் மூதாதையின் உடலாகவே எண்ணப்படுவது. முகட்டுவளை அவர் முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்புகள். வரவேற்பு, வழக்காடல், இழவு என அனைத்தும் நிகழும் கூடுமிடம் அது. 1907இல் மனத்தைக் குலைப்பதாகச் சொல்லப்பட்ட திரளல் 75 ஆண்டுகளுக்குப் பின் மனநலத்தின் வடிவமாக மீண்டது. போமரேயைப் போன்றே டூரியும் மேலை மருத்துவம் கற்றவர். மான்ட்ரியலில் மனநல மருத்துவம் பயின்றவர். மரபின் காவலர் ஒருபுறம், நவீனர் மறுபுறம் என்ற எளிய பகுப்பு இவ்வரலாற்றிற்கு உதவாது. 1984இல் டோக்கனுயி மனநல மருத்துவமனையில் 'ஃபாயி ஓரா' என்னும் மாவோரிப் பண்பாட்டுப் பிரிவு தொடங்கப்பட்டது.

ஏற்பும் சுருக்கமும்

1999ஆம் ஆண்டுப் பள்ளிப் பாடத்திட்டம் இந்நான்கு சுவர்களையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஃபானவு அங்குச் 'சமூக நலம்' என மொழிபெயர்க்கப்பட்டது. மூதாதையரும் கால்வழியும் அடங்கிய சொல், ஒரு மாணவர் பிறரோடு பழகும் திறனாகச் சுருங்கிற்று. வைதாங்கித் தீர்ப்பாயம் 2011இல் 1907ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒப்பந்த மீறல் எனக் கண்டது. 2022இல் நிறுவப்பட்ட மாவோரி நல ஆணையம் 2024இல் கலைக்கப்பட்டது. விபத்து இழப்பீட்டுக் கழகம் 2020 முதல் மரபுவழிச் சிகிச்சைக்குச் செலவளித்து வருகிறது. உடல் நீவுதலும் வேண்டுதலும் அதில் அடங்கும். கோரிக்கை மட்டும் காயமுற்ற தனியொருவர் பெயரிலேயே பதிவாகிறது.