பாட்டுத் தாளில் யோஷிடா மினாகோ

யோஷிடா மினாகோவின் ‘மினாகோ 2’ 1975 அக்டோபரில் டோக்கியோவின் நகானோ சன்பிளாசா அரங்கில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. அதே ஆண்டு வந்த ‘மினாகோ’வுக்கு அடுத்த இசைத்தட்டு. தலைப்பை நம்பினால், இந்த ஜப்பானிய சோல் பாடகியின் பயணம் 1975இல் தொடங்குகிறது.

ஆனால் அந்த எண் ஆர்சிஏ நிறுவனத்தின் கணக்குக்குத்தான் பொருந்தும். 1973லேயே ஷோபோட் என்ற வேறொரு முத்திரையில் ‘தோபிரா நோ ஃபுயு’ வந்துவிட்டது. அதில் வாசித்தவர்கள் ஹொசோனோ ஹருவோமியின் கேரமல் மாமா குழுவினர். தன் பாடல்களைத் தானே எழுதிப் பாடும் இருபது வயதுப் பெண்ணைத்தான் அந்தத் தட்டில் கேட்கிறோம். சோல் பாடகியின் குரல் இன்னும் வரவில்லை.

எப்போது வந்தது? கையருகே ஒரு விடை இருக்கிறது. 1978இல் வந்த ‘லெட்ஸ் டூ இட்’ லாஸ் ஏஞ்சலிஸில் பதிவானது; பேரி வைட்டின் பாடல்களுக்கு இசைக்கோர்ப்பு செய்த ஜீன் பேஜ் அதில் பங்கேற்றார். அமெரிக்காதான் யோஷிடாவை மாற்றியது என்று முடித்துவிடலாம். அவ்வளவு எளிதாக முடிவது எனக்குச் சந்தேகத்தைத்தான் தந்தது.

ஆகவே இசைத்தட்டுகளோடு வரும் பாட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பாட்டின் தலைப்பருகிலும் பொடி எழுத்தில் பெயர்கள்: ‘சகுஷி’ என்றால் வரிகள் எழுதியவர், ‘சக்கியோகு’ என்றால் மெட்டமைத்தவர். 1976இன் ‘ஃப்ளாப்பர்’ தட்டில் கடைசி இரு பாடல்கள் ‘லாஸ்ட் ஸ்டெப்’, ‘எய்யென் நி’. வரிகள் யோஷிடா; மெட்டு, பாடகரும் இசையமைப்பாளருமான யமாஷிடா தட்சுரோ. அதே ஆண்டு யமாஷிடா அமெரிக்காவில் பதிவுசெய்த ‘சர்க்கஸ் டவுன்’ தட்டிலும் அதே இரு பாடல்கள், அதே இரு பெயர்கள். ஒன்றில் யோஷிடா பாடகி, மற்றதில் பாடலாசிரியர்.

நண்பருக்காக ஒரு முறை எழுதிக் கொடுத்தது என்று இதை ஒதுக்கலாமா? முடியாது. 1977இல் ‘லவ் ஸ்பேஸ்’, 1978இல், பின்னர் ஒசாகா டிஸ்கோக்களைக் கலக்கிய ‘பாம்பர்’, 1982இல் ‘ஸ்பார்க்கிள்’. எல்லாமே யமாஷிடாவின் மெட்டு, யோஷிடாவின் வரிகள். லாஸ் ஏஞ்சலிஸ் தட்டுக்கு முன்பே அவருடைய சொற்கள் சோல் தாளத்தில் உட்கார்ந்துவிட்டன.

வரிகள் குரலுக்குச் சாட்சி ஆகாது என்பது நியாயமான தடை. குரலுக்கு, ஆர்சிஏவுக்குப் பிறகு வந்த ஆல்ஃபா நிறுவனத் தட்டுகளைத்தான் கேட்க வேண்டும். 1980இன் ‘மோனோக்ரோம்’ முதல் தயாரிப்பாளர் இடத்திலும் அவர் பெயரே. 1981இன் ‘மான்ஸ்டர்ஸ் இன் டவுன்’ தொடங்கும் ‘டவுன்’ பாடலில் பேஸ் கிதார் விடாமல் இழுக்க, அவர் குரல் அதன்மேல் ஏறி நிற்கிறது. 1973இன் பெண்ணா இவர் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவரேதான்.

விற்பனைப் பட்டியல்களில் தேடுபவர்களுக்கு இவர் சிக்கமாட்டார். ‘ஃப்ளாப்பர்’ தட்டில் உள்ள, ஓதாகி எய்இச்சி எழுதி மெட்டமைத்த ‘யுமே தே ஆஎத்தாரா’வைத் தனித்தட்டாக வெளியிட அவர் இசையவில்லை. 1977இல் ஷிரியா பால், 1996இல் ராட்ஸ் அண்ட் ஸ்டார் குழு என அது பிறர் குரல்களில்தான் தனித்தட்டாகப் புகழ் பெற்றது.

‘சிட்டி பாப்’ என்று இன்று உலகமே கொண்டாடும் இசையின் வரலாற்றில் யோஷிடாவைப் பாடகி என்று மட்டும் பதிவது பாதிக் கணக்கு. ‘ஸ்பார்க்கிள்’ பாடலைப் பட்டியலிடுபவர்கள் யமாஷிடாவின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும்.