சுரப்பும் பிரிவும்: குறைமாதக் குழந்தையும் தாய்ப்பாலும்

குறைமாதக் குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் தாய்க்குப் பால் வற்றினால், அதனை அவளது உடலின் குறையாகவே சமூகம் பெரும்பாலும் கருதுகிறது. மருத்துவ வரலாறு இக்கருத்துக்கு இசைவாக இல்லை. தாயும் சேயும் எவ்வளவு தொலைவில் வைக்கப்படுகின்றனர் என்பதையும் பொறுத்ததே சுரப்பு.

இவ்வுண்மை பழமையானது. குழந்தையைத் தொடுதல், காணுதல், நினைத்தல் ஆகியவற்றால் பால் பெருகும் என்றும், இடையறாத அன்பே அதற்குக் காரணம் என்றும் சுசுருத சங்கிதை கூறுகிறது. இன்றைய உடலியங்கியல் இதனை வேறு சொற்களில் விளக்குகிறது. புரோலாக்டின் பாலைச் சுரக்கச் செய்கிறது. ஆக்சிடோசின் அதனை வெளியேற்றுகிறது. அச்சமும் வலியும் ஆக்சிடோசினைத் தடுக்கின்றன. மார்பில் தேங்கும் பால் மேற்கொண்டு சுரப்பதைக் குறைக்கிறது. இறைத்த கிணறு ஊறும் என்னும் பழமொழி இங்கு உடலின் விதியாகவே அமைகிறது. 34 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைகளுள் பலவற்றுக்கு உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் இணைத்துச் செய்ய இயலாது. ஆகவே இறைக்கும் பணி தாயின் கைக்கோ கருவிக்கோ வந்து சேர்கிறது: நாளொன்றுக்கு எட்டு முறையேனும், நள்ளிரவிலும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசில் பரவிய வெப்பப் பேழை குழந்தையைக் காத்தது, தாயை விலக்கியது. இவ்விலகலின் தீமையை அந்நகரின் மருத்துவர் பியேர் புதேன் அப்போதே உணர்ந்து, தாய்ப்பாலை வலியுறுத்தினார். ஆயினும் அடுத்த நூற்றாண்டின் மருத்துவமனைகள், தொற்றுக்கு அஞ்சித் தாயைக் கண்ணாடிக்கு அப்பால் நிறுத்தின.

இந்தியாவில் மாற்றத்தின் முக்கியக் களம் மும்பை. தாராவியை அடுத்துள்ள சயான் மாநகராட்சி மருத்துவமனையில், மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ் 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். கொடையாகப் பெறும் பால் 62.5 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கிக் காக்கப்படும். இதன் தேவையை 1990இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று உறுதிப்படுத்தியது: தாய்ப்பால் மட்டுமே பெற்ற குறைமாதக் குழந்தைகளைவிட, புட்டிப்பால் மாவு மட்டுமே பெற்றவற்றில் குடல் அழுகல் நோய் 6 முதல் 10 மடங்கு மிகுந்திருந்தது. எனினும் சூடாக்குகையில் பாலின் காப்புப் பொருள்கள் சில அழிகின்றன. பெற்ற தாயின் பாலே முதலிடம் பெறுவது இதனால்தான்.

இவ்வரலாற்றில் ஒரு தமிழ்ச் சொல்லும் உண்டு. பிழிந்த பாலைப் புகட்ட உதவும், மூக்குடைய சிறு கிண்ணமாகிய பாலாடை, அதே பெயரிலேயே ஆங்கில மருத்துவ ஆய்விதழ்களில் இடம்பெற்றுள்ளது. பாட்டிமாரின் கருவி தீவிர சிகிச்சைப் பிரிவினுள் நுழைந்தது. தாய் நுழைவதற்குத்தான் காலம் பிடித்தது.

பேழைப் பற்றாக்குறையால் 1978இல் போகோட்டாவில் பிறந்த கங்காரு முறை, குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்தது. தில்லியின் சப்தர்ஜங் மருத்துவமனை உள்ளிட்ட ஐந்து நாட்டு மையங்களில் உலகச் சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. 1 முதல் 1.8 கிலோவுக்குள் எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கியபோது, 28 நாள்களுக்குள் நிகழும் இறப்பு 15.7 விழுக்காட்டிலிருந்து 12 ஆகக் குறைந்தது. அதற்காகத் தாயின் கட்டிலே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் இடப்பட்டது.

ஆகவே, பால் ஏன் வற்றியது என்னும் வினாவைத் தாயிடம் கேட்பதற்கு முன், அவளுக்குக் கட்டில் எங்கே இடப்பட்டது என மருத்துவமனையிடம் கேட்பதே முறை.